ரிப்போர்ட் எழுதுவது பிள்ளையா, செல்போனா? டிரெயினிங் போகும் மாணவர்களே உஷார்!

ஸ்ரீபெரும்புதூர்,

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம்-வடகால், ஒரகடம் என்று வரிசையாக தொழிற்சாலைகள். காலை ஷிப்ட்டுக்கு கம்பெனி பஸ் ஏறும் கூட்டத்தில் கழுத்தில் 'டிரெயினி' கார்டு மாட்டிய மாணவ-மாணவிகளும் நிற்பார்கள். என்ஜினீயரிங், பாலிடெக்னிக் படிக்கும் இவர்கள் டிரெயினிங் முடிந்ததும் என்ன பார்த்தோம், என்ன கற்றோம் என்று ரிப்போர்ட் எழுதி கல்லூரியில் கொடுக்க வேண்டும்.

முன்பெல்லாம் சீனியரின் ரிப்போர்ட்டை வாங்கி, பெயரை மாற்றி, பைண்டிங் போட்டு கொடுத்தவர்கள் உண்டு. அப்புறம் பிரவுசிங் சென்டர் வந்தது. இப்போது வேலை இன்னும் சுலபம். சாட்ஜிபிடி மாதிரி ஏ.ஐ. செயலியில், 'ஒரகடம் கார் கம்பெனி டிரெயினிங், 20 பக்கம்' என்று தட்டினால் போதும். டீ குடித்து முடிப்பதற்குள் ரிப்போர்ட் ரெடி!

"நல்லதுதானே, இதுல என்ன தப்பு?" என்று கேட்கலாம். சிக்கல் இருக்கிறது. விவரம் வருமாறு:-

பார்க்காததையும் எழுதும்

சாட்ஜிபிடி 2022-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி வெளிவந்தது. ஏராளமான எழுத்துகளைப் படிக்க வைத்து, எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை வரும் என்று கணக்குப் போட பழக்கியிருக்கிறார்கள். அது உங்கள் பிள்ளை நின்ற லைனை பார்த்ததே இல்லை. அங்கே இல்லாத ரோபோவை இருப்பதாகவும் எழுதிவிடும். அதுவும் தடுமாற்றமே இல்லாமல் எழுதும். படிப்பவருக்கு சந்தேகம் வராது. வைவாவில் வாத்தியார், "அந்த ரோபோ எந்த பக்கம் இருந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போச்சு.

பெரிய வக்கீல்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூயார்க்கில், அவியங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வக்கீல்கள் பழைய தீர்ப்புகளை எடுத்துக்காட்டி மனு போட்டார்கள். நீதிபதி தேடிப்பார்த்தால் அப்படி ஒரு வழக்கே நடக்கவில்லை. எல்லாம் சாட்ஜிபிடி கட்டிவிட்ட கதை. 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர்களுக்கு 5 ஆயிரம் டாலர் அபராதம் விழுந்தது.

கம்பெனி ரகசியம் வெளியே போகும்

டிரெயினிங் ரிப்போர்ட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. லைன் படம், மெஷின் செட்டிங், ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் ஓடுகிறது என்பதெல்லாம் கம்பெனி விஷயம். அதை செயலியில் போட்டால், வெளியில் வேறு ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும்.

சுங்குவார்சத்திரத்தில் ஆலை வைத்திருக்கும் சாம்சங் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்கொரியாவில் அதன் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் ரகசிய புரோகிராமை சாட்ஜிபிடியில் போட்டது தெரியவந்தது. இதனால் 2023-ம் ஆண்டு மே மாதம் ஊழியர்கள் இதுபோன்ற செயலிகளை பயன்படுத்த நிறுவனம் தடை போட்டது. வேலை பார்ப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், டிரெயினிங் போகும் பிள்ளை எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

காப்பி அடித்தால் என்ன ஆகும்?

பல்கலைக்கழக மானியக்குழு (யு.ஜி.சி.) 2018-ம் ஆண்டு இதற்கென்று விதி கொண்டுவந்தது. முதுகலை, பிஎச்.டி. ஆய்வேடுகளில் 10 சதவீதம் வரை மற்றவர் எழுத்து ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 சதவீதம் வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்தி எழுத வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடம் தடை. 60-ஐ தாண்டினால் பதிவே ரத்து!

சொந்தமா எழுதினாலும் சந்தேகமா?

மிஷின் எழுதியதா என்று கண்டுபிடிக்கவும் மென்பொருட்கள் இருக்கின்றன. ஆனால் அதை முழுசாக நம்ப முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் கொண்டுவந்த கண்டுபிடிப்பு கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் அதை நிறுத்திவிட்டது.

அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் 7 கருவிகளை சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மாணவர்கள் சொந்தமாக எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாக பாதிக்கும் மேலானவற்றை மிஷின் எழுதியது என்று அவை தவறாக சொல்லின. எளிமையான ஆங்கிலத்தில் எழுதியதுதான் காரணம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் நம்ம பிள்ளைகளுக்கும் இந்த கதி வரலாம்.

அதனால் தினமும் எழுதிய நோட்டு, முதலில் எழுதிய ரப் காப்பி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். அதுதான் சாட்சி.

அப்போ தொடவே கூடாதா?

தொடலாம். முறை தெரிந்து தொட வேண்டும்.

* ஷிப்ட் முடிந்ததும் அன்றைக்கு பார்த்ததை 10 வரி தமிழிலாவது நோட்டில் எழுதுங்கள். ரிப்போர்ட்டை முதலில் நீங்களே எழுதுங்கள்.

* பிறகு ஸ்பெல்லிங், இலக்கணத்தை சரிபார்க்க செயலியிடம் கேட்கலாம். புரியாத வார்த்தைக்கு விளக்கம் கேட்கலாம். அது மாற்றியதை ஒவ்வொரு வரியாக படித்துப் பாருங்கள்.

* அது சொல்லும் கணக்கு, ஆண்டு, புத்தகப் பெயரை சூப்பர்வைசரிடமோ லைப்ரரியிலோ சரிபாருங்கள்.

* கம்பெனி படம், தொழிலாளர் பெயர், நம்பர் எதையும் செயலியில் போடாதீர்கள்.

* எதற்கு பயன்படுத்தினீர்கள் என்று வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்லூரி கூடாது என்றால் கூடாதுதான்.

மார்க்குக்கு மட்டும் இல்லை

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ம் ஆண்டு பாடத்திட்டத்தில், முதல் ஆண்டு ஆங்கிலப் பாடத்திலேயே விபத்து ரிப்போர்ட் எழுதுவதும் சேர்க்கப்பட்டது. ஏனோதானோ என்று வைத்த பாடம் அல்ல அது.

நாளைக்கு இதே பிள்ளை ஷிப்ட் என்ஜினீயராக நிற்கும்போது, பிரஸ் மெஷினில் ஒரு தொழிலாளியின் கை மாட்டிவிட்டால் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். எத்தனை மணி, தடுப்பு மூடியிருந்ததா, சென்சார் வேலை செய்ததா? பல ஆலைகளில் செல்போனுக்கு உள்ளே அனுமதியே இல்லை. கையில் இருந்தாலும், அங்கே நடந்தது செயலிக்கு எப்படி தெரியும்?

அடிபட்டவர் இ.எஸ்.ஐ.யில் உதவி கேட்கும்போது, கம்பெனி கொடுக்கும் விபத்து அறிக்கை முக்கியமான ஆவணம். 'தடுப்பு திறந்திருந்தது' என்ற ஒரு வரி விட்டுப்போனால், பழி தொழிலாளி தலையில் விழலாம்.

ஓவர்டைம் பார்த்து பீஸ் கட்டும் அப்பா, அம்மாக்கள் இன்று ராத்திரி பிள்ளையிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். "ரிப்போர்ட்டை மூடி வச்சுட்டு, நீ என்ன பார்த்தேன்னு வாயால சொல்லு பார்ப்போம்." 5 நிமிஷம் தடங்கலில்லாமல் சொன்னால், எழுதியது உங்கள் பிள்ளைதான்.