வகுப்பறை வாசலில் சொல்லும் முதல் வார்த்தை



பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம், "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்கிறோம். ஒருநாள், "மௌலவி வகுப்புக்குள் வந்ததும் முதலில் என்ன சொன்னார்?" என்று கேட்டுப் பாருங்கள். பாடத்தை மறந்த பிள்ளையும் அதை மறந்திருக்காது.

அரபுக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளியேறிய புதிதில், ஒரு பாடசாலையில் ஆறாம் தரத்துக்கு இஸ்லாம் பாடம் கற்பித்தேன். பிள்ளைகள் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள், "மனனமிடாதவர்கள் எழும்புங்கள்!" என்பேன். அதுதான் என் முதல் வார்த்தை. பின்வரிசையில் ஒரு சிறுவன் தினமும் எழும்பி நிற்பான். ஒருநாள் நான் வாய் திறக்கும் முன்பே எழும்பி விட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த கிழமை முதல் என் பாடவேளையில் மட்டும் அவனைக் காணவில்லை.

அவனுடைய உம்மா ஒருநாள் என்னைத் தேடி வந்தார். ஸலாம் சொன்னார். "மௌலவி, நீங்க ஓதுற ராகம் மகனுக்கு நல்ல விருப்பம்" என்றார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "விடிய இடியப்பத்தக் கடைக்குக் குடுத்துட்டுத்தான் ஸ்கூலுக்கு வாறான். ராவைக்கு என்னோட இருந்து பாடமாக்குறான். உங்கட முகத்தக் கண்டதும் எல்லாம் மறந்து போகுதாம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. மாணவனாக இருந்தபோது ஓதிய ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. முஆவியா இப்னுல் ஹகம் (ரழி) அவர்கள், தொழுகையில் நிற்கும்போது தும்மிய ஒருவருக்குச் சத்தமாகத் துஆச் செய்து விட்டார்கள். சூழ இருந்தோர் முறைத்துப் பார்த்தனர். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்து கொள்ளவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகையில் மனிதப் பேச்சுக்கு இடமில்லை என்பதை மட்டும் அமைதியாக விளக்கினார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதேயில்லை என்று அந்த ஸஹாபி சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இதை நான் பரீட்சைக்கு எழுதிப் புள்ளி பெற்றவன். வகுப்பறையில் மறந்து விட்டேன்.

நபியவர்கள் பாடத்தைத் தொடங்கிய விதங்களைப் பாருங்கள். முஆத் (ரழி) அவர்களுக்கு ஒரு துஆவைக் கற்றுக்கொடுக்கும் முன் கையைப் பிடித்து, தாம் அவரை நேசிப்பதாகச் சொன்னார்கள். வேறு சமயங்களில் ஒரு கேள்வியோடு தொடங்கினார்கள். முஸ்லிமுக்கு உவமையான மரம் எது என்று ஒருமுறை கேட்டார்கள். அது பேரீச்ச மரம் என்று சிறுவரான இப்னு உமர் (ரழி) அவர்களுக்குத் தோன்றியது. ஆனாலும் பெரியவர்கள் இருந்த சபையில் வெட்கப்பட்டு மௌனமாக இருந்து விட்டார்கள். பின்னர் தந்தை உமர் (ரழி) அவர்களிடம் அதைச் சொன்னபோது, மகன் அங்கேயே சொல்லியிருந்தால் தமக்கு எவ்வளவு விருப்பமாக இருந்திருக்கும் என்றார்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையின் தயக்கத்தைப் போக்குவது வீட்டின் கடமையும்தான்.

பயந்த பிள்ளையின் மனம் பாடத்தில் நிற்காது. அடுத்து யாருக்கு ஏச்சு விழும் என்பதிலேயே நிற்கும். ஆகவே நான் முறையை மாற்றினேன். வாசலில் நானே முந்தி ஸலாம் சொன்னேன். இரண்டொருவரைப் பெயர் சொல்லி நலம் விசாரித்தேன். எல்லோரும் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டேன். மனனம் கேட்பதை நிறுத்தவில்லை. பத்து நிமிடம் பிந்திக் கேட்டேன். அந்தச் சிறுவன் திரும்பி வந்தான். பின்வரிசையை விட்டு அவன் முன்னுக்கு வரவேயில்லை. ஆனால் ஒருநாள் ஸூரத்துல் மாஊனை எங்கும் தடைப்படாமல் ஓதி முடித்தான்.

சகோதரிகளே, உங்கள் வீடும் ஒரு வகுப்பறைதான். ஸுபஹுக்கு எழுப்பும்போது, குர்ஆனை விரித்து உட்காரும்போது, பரீட்சைத் தாளோடு பிள்ளை வாசலில் நிற்கும்போது உங்கள் முதல் வார்த்தை என்ன? ஒரு பாடத்துக்குப் போகப் பிள்ளை மறுத்தால், "சோம்பேறி" என்று சொல்லும் முன் காரணத்தைக் கேளுங்கள். தேவையானால் ஆசிரியரையும் சென்று பாருங்கள்.

அந்தத் தாய் குறை சொல்லிக்கொண்டு வந்திருந்தால் நானும் வாதாடியிருப்பேன். அவர் ஸலாத்தோடும் ஒரு நல்ல வார்த்தையோடும் தொடங்கினார். அதனால்தான் மீதியை என்னால் காது கொடுத்துக் கேட்க முடிந்தது.