முதல் துளை மீனுக்கன்று

கொல்கத்தாவில் குடியேறி வாழும் நமக்கு மீனும் ஐஸும் இணைபிரியாத காட்சி. மீன் உண்ணாத இல்லத்தாரும் லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கச் செல்லுங்கால், நொறுக்கிய ஐஸின்மீது வெள்ளித் தகடுபோல் மின்னும் இலிஷ் மீனைக் கண்டே கடந்து செல்கின்றனர். இங்கே மீனைக் காப்பதற்கு ஐஸைத் தேடுகிறோம். வடகோடி நாடுகளில் நிலைமை தலைகீழானது. அங்கே குளிர்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு முழுவதும் ஐஸ். மீன்கள் அதன் அடியில். ஐஸைத் துளைத்தாலன்றி மீன் கிட்டாது.

அந்தத் துளையைப் பற்றியும், அதனை இடுகின்ற துரப்பணத்தைப் பற்றியும் நாம் அறிந்துகொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. நம் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளும் மருமக்களும் கனடாவிலும் அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் சென்று வாழ்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும் உளர். உறைந்த ஏரிக்கு மீன்பிடிக்க வாருங்கள் என்று அண்டை வீட்டார் அழைப்பது அங்கே சாதாரணம். இது முதற் காரணம். இரண்டாவது காரணம் வியப்பானது. நாம் வாழும் இந்நகரமே ஒரு காலத்தில் அத்தகைய ஏரிகளின் ஐஸை வாங்கி நீரைக் குளிர்வித்து அருந்தியது.

ஏரி கப்பலேறிய கதை

அந்நாளில் வங்காளத்தில் ஐஸ் அறவே இல்லாமற்போகவில்லை. ஹூக்ளிப் பக்கத்தில் குளிர்கால இரவுகளில், வைக்கோல் பரப்பிய பள்ளங்களில் ஆழமற்ற மண்தட்டுகளை வரிசையாக வைத்து நீர் ஊற்றுவர். தெளிந்த வானை நோக்கி வெப்பம் வெளியேற, விடியற்காலையில் நீரின்மேல் மெல்லிய ஏடு படியும். அதனைத் திரட்டிக் குழிகளிற் சேமித்தனர். உழைப்போ மிகுதி, கிடைத்ததோ சொற்பம்.

பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர், 1806-இல் மார்ட்டினிக் தீவுக்கு ஐஸ் ஏற்றுமதி செய்தபோது ஊரார் நகைத்தனர். நட்டமும் கடனும் அவரை வாட்டின; கடனுக்காகச் சிறையும் சென்றார். ஆயினும் அவர் தளரவில்லை. 1833-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் ஐஸுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இருமுறை கடந்தாக வேண்டும். செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது, உருகியது போக ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு, இம்முயற்சியில் பங்காளியான ராஜர்ஸ் என்பாருக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார். பொதுமக்கள் நன்கொடையால் இந்நகரில் ஐஸ் வீடும் எழுந்தது. இன்று அக்கட்டடம் இல்லை.

சென்னையில் டியூடர் 1842-இல் எழுப்பிய ஐஸ் ஹவுஸோ திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்றும் நிற்கிறது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்று விளங்குகிறது. கல்கத்தாவில் பிறந்த துறவி, கல்கத்தாவுக்கும் ஐஸ் அனுப்பிய வணிகரின் கட்டடத்தில் தங்கியது ஓர் இனிய பொருத்தம்.

அவ்வளவு ஐஸ் எஞ்சியது எவ்வாறு? கோடரியாலும் ரம்பத்தாலும் தாறுமாறாக வெட்டிய கட்டிகளை அடுக்கினால் இடையே சந்து விழும். சந்தில் காற்றுப் புகும். காற்றுப் புகுந்தால் ஐஸ் விரைந்து உருகும். டியூடரிடம் பணியாற்றிய நதானியல் வைத் என்பவர் 1820-களில் குதிரை இழுக்கும் ஏர் ஒன்றை அமைத்தார். நம் உழவர் மண்ணில் சால் ஓட்டுவதுபோல் அது ஐஸின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்தது. பின்னர்ப் பெயர்த்தெடுத்த கட்டிகள் ஒரே அளவான சதுரங்களாயின. செங்கல்போல் நெருக்கமாக அடுங்கின. ஆனால் இவ்வேரைப் பூட்டுமுன் செய்தாக வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஐஸில் துளையிட்டு, அதன் தடிப்பை அளந்தறிய வேண்டும். அறுவடைக்குத் தக்க பருவம் வந்ததா என்பதையும், ஆளையும் குதிரையையும் ஏரி தாங்குமா என்பதையும் அத்துளையே சொல்லிற்று.

ஐஸ் இயந்திரங்கள் வந்தபின் இவ்வாணிகம் தேய்ந்தது. சென்னையில் 1874-இலும், கல்கத்தாவில் 1878-இலும் ஐஸ் உற்பத்திக் கம்பெனிகள் தோன்றின. அமெரிக்க ஐஸ் பழங்கதையாயிற்று.

அடியில்லாக் குளம்

டியூடரின் ஆட்கள் ஐஸ் வெட்டிய குளங்களுள் ஒன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்டன் குளம். அதன் கரையில் குடில் அமைத்து வாழ்ந்த அறிஞர் ஹென்றி டேவிட் தோரோ, 1846–47 குளிர்காலத்தில் அவர்கள் ஐஸ் அறுத்ததை நேரிற் கண்டார். 1854-இல் வெளியான ‘வால்டன்’ என்ற தம் நூலில், சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழ்வோர் தம் குளத்து நீரைப் பருகுவதை எண்ணி மகிழ்கிறார். அக்குளத்தில் துளையிட்டுத் தூண்டில் இறக்கும் மீனவர்களையும் அவர் அந்நூலில் காட்டுகிறார்.

அக்குளத்துக்கு அடியே இல்லையென்று ஊரார் பலர் நம்பியிருந்தனர். தோரோ வாதாடவில்லை. 1846-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐஸைத் துளைத்து நூல்குண்டு இறக்கிப் பல இடங்களில் ஆழம் அளந்தார். மிக ஆழமான இடம் 102 அடி. ஒரு துளை தலைமுறைக் கணக்கான வதந்தியை முடித்துவைத்தது. ஆகவே ஐஸில் இடும் துளை மீனுக்காக மட்டும் ஏற்பட்டதன்று; உண்மையை அளந்தறிவதற்கும் அதுவே வழி.

தடிப்பே உயிர்

நீர் 4 பாகை செல்சியஸில் மிகுந்த அடர்த்தி பெறும். அதனினும் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே மிதக்கும். அதனாலேயே ஏரி மேலிருந்து உறைகிறது; அடியில் நீரும் மீனும் உயிர்ப்புடன் இருக்கின்றன. மேலே நிற்கும் மனிதனின் உயிரோ ஐஸின் தடிப்பைப் பொறுத்தது.

புதிதாய் உறைந்த, கண்ணாடிபோல் தெளிந்த ஐஸ் 4 அங்குலத் தடிப்பேனும் இருந்தால்தான் ஒருவர் நடக்கலாம் என்பது வடநாடுகளின் பொது நெறி. பனிவண்டி ஓட்ட 5 முதல் 7 அங்குலம் வேண்டும். பாற்கஞ்சிபோல் வெளுத்த ஐஸுக்கு வலிமை ஏறக்குறைய பாதியே. ஆதலின் இருமடங்குத் தடிப்பு இருக்க வேண்டும். ஓரிடத்தில் அளந்ததை ஏரி முழுவதற்கும் கொள்ளலாகாது. ஓடை கலக்குமிடம், நீரோட்டமுள்ள இடம், படகுத்துறை ஆகியவற்றின் அருகே ஐஸ் மெலிந்திருக்கும். ஆகவே 150 அடிக்கொரு முறையேனும் துளையிட்டு அளக்க வேண்டும். முற்றிலும் அபாயமற்ற ஐஸ் என்பது உலகில் இல்லை.

எந்தத் துரப்பணம்?

தச்சர் மரத்தைத் துளைக்கும் கருவியின் பெரிய உருவமே ஐஸ் துரப்பணம். திருகுபோல் சுற்றிய தண்டின் நுனியில் கூரிய அலகுகள் இருக்கும். அலகு சீவிய தூளைத் திருகு மேலே கொணரும். கையால் சுழற்றுவது, பாட்டரியில் இயங்குவது, பெட்ரோல் அல்லது புரொப்பேன் வாயுவில் இயங்குவது என இது மூவகைப்படும்.

கைத் துரப்பணம் விலை குறைந்தது, ஓசையற்றது, பழுதாவதற்கு அதில் அதிகமில்லை. ஐஸ் ஓரடிக்குள் இருந்து, சில துளைகளே வேண்டுமாயின் இதுவே போதும். ஆண்டுக்கொரு முறை ஏரிக்குச் செல்வோர் பெரிய இயந்திரத்துக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

பாட்டரித் துரப்பணம் இன்று பெரிதும் விரும்பப்படுகிறது. புகையில்லை, விசையை அழுத்தினால் ஓடும். ஆனால் கடுங்குளிரில் பாட்டரியின் ஆற்றல் குன்றும். மாற்றுப் பாட்டரியை மேலங்கியின் உட்பையில் உடற்சூட்டில் வைத்திருப்பது நலம். வீட்டு டிரில்லில் துரப்பணத்தைப் பொருத்துவோரும் உளர். அதற்கு வலுவான டிரில் வேண்டும்; பிடி நழுவினால் துரப்பணம் துளைவழியே ஏரிக்குள் போய்விடாதிருக்க அகன்ற தடுப்புத் தட்டும் வேண்டும்.

இரண்டு மூன்று அடி ஐஸில் நாள் முழுவதும் பல துளைகள் இடுவோர்க்குப் பெட்ரோல் இயந்திரம் ஏற்றது. எனினும் அது கனமானது, இரைச்சல் மிக்கது. பெட்ரோலாயினும் வாயுவாயினும், மூடிய கூடாரத்துள் அதனை ஒருபோதும் இயக்கலாகாது. கண்ணுக்குப் புலப்படாத கார்பன் மோனாக்சைடு நச்சு உயிரைக் குடித்துவிடும்.

அடுத்தது விட்டம். சிறு மீன்களுக்கு 6 அங்குலம், நடுத்தர மீன்களுக்கு 8, பெருமீன்களுக்கு 10. விட்டம் பெருகுந்தோறும் உழைப்பும் பெருகும். முதன்முறை வாங்குவோர்க்கு 6 அல்லது 8 அங்குலமே தகுதி.

துளையிடும் முறை

கழுத்துத் துணி, துப்பட்டா, புடவைத் தலைப்பு முதலியவற்றை இறுகச் செருகிக்கொள்க. சுழலும் தண்டு அவற்றைப் பற்றி இழுத்துவிடும். கால்களை அகல ஊன்றி, துரப்பணத்தை நேர்குத்தாக நிறுத்துக. பலங்கொண்டு அழுத்த வேண்டா. அலகு கூர்மையாக இருப்பின் தன் எடையாலேயே இறங்கும். அடிப்பரப்பைத் துளைத்தவுடன் திடீரெனத் தளர்வு தெரியும். அப்போது மேலே தூக்கினால் தூளும் உடன் வரும். எஞ்சியதை, வடையை எண்ணெயிலிருந்து அரித்தெடுக்கும் ஜல்லிக் கரண்டி போன்ற கரண்டியால் அள்ளலாம்.

ஈரம் அலகில் உறைந்தால் மறுமுறை அது ஐஸைக் கவ்வாது. அதற்காகத் துரப்பணத்தை ஐஸில் ஓங்கி அடித்தால் அலகு மழுங்கும். வேலை முடிந்ததும் துடைத்து உலர்த்தி உறையிட வேண்டும். மணலில் ஒருமுறை உரசினாலும் கூர் போய்விடும். புறப்படுமுன், குழந்தைகள் கால் வைத்துவிடாதபடி துளையருகே மரக்கிளை நட்டு அடையாளமிடுக.

தனியே செல்லலாகாது. கயிறும், ஐஸில் குத்தி ஏறுதற்குரிய கைமுள்களும், மிதவைச் சட்டையும் உடனிருக்க வேண்டும். மீன்பிடி உரிமத்தையும் அவ்வேரியின் விதிகளையும் முன்னரே விசாரித்துக்கொள்க.

உறவினர் உள்ள ஊரிலிருந்து அழைப்பு வருமாயின் மகிழ்ச்சியுடன் செல்லுங்கள். ஆனால் கரையிலேயே நின்று, எத்தனை மீன் கிடைக்கும் என்று கேட்குமுன் ஐஸ் எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். விடை சொல்பவர் துளையிட்டு அளந்தவராகவும் இருக்கட்டும்.