பதினோரு யூனிட்டுக்கு 319 ரூபாய்

எதிர்வீட்டு அக்கா மின் கணக்கு எழுதும் வெள்ளை அட்டையும் கையுமாக வந்து நின்றார். "தம்பி, போன தடவை 496 யூனிட், 1780 ரூபா. இந்தத் தடவை 507 யூனிட், 2099 ரூபா. பதினோரு யூனிட்டுக்கு 319 ரூபாயா? என்னமோ புதுசா வரி போட்டிருக்காங்க. நீங்களே பாருங்க."

பார்த்தேன். வரி எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு மின்சார வரி கிடையாது என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை. மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. புது இணைப்புக்கு விண்ணப்பிப்பது, மீட்டரைச் சோதிப்பது போன்ற உதிரிச் சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. இருந்தது. 2024 அக்டோபரில் அதற்கும் விலக்கு வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாங்கிவந்த நிலைக்கட்டணம் என்ற சிறு தொகையை 2022 செப்டம்பர் 10 முதல் வீடுகளுக்கு நீக்கிவிட்டார்கள். பெங்களூரில் குடியிருக்கும் உறவினர் யாரிடமாவது அவர்கள் பில்லை வாங்கிப் பாருங்கள். கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம், எரிபொருள் கட்டணம், 9 சதவீத வரி என்று வரிசையாக நிற்கும். அந்த வகையில் நம்முடையது எளிமையான பில்தான்.

அப்படியானால் அக்காவின் 319 ரூபாய் எங்கிருந்து வந்தது? ஸ்லாப் என்று நாம் சொல்லும் படிநிலையிலிருந்து.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 35 காசு. அடுத்த 200 யூனிட்டுக்கு 4.70. 401 முதல் 500 வரை 6.30. அக்காவின் பழைய பில் 496 யூனிட். 235, 940, 604.80 மூன்றையும் கூட்டினால் 1779.80 வருகிறது. சரிதான்.

500-ஐத் தாண்டியதும் கணக்குப் போடும் அட்டவணையே வேறு. பலர் கவனிக்காத இடம் இது. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். முதல் 100 யூனிட் அப்போதும் இலவசம்தான். ஆனால் 101-லிருந்து 200 வரை பாதி விலைக்குக் கிடைத்த சலுகை போய்விடும். அந்த நூறு யூனிட்டும் 4.70 ஆகிவிடும். அங்கேயே 235 ரூபாய் ஏறிவிடுகிறது. பிறகு 501 முதல் 600 வரை யூனிட் 8.40. அக்காவின் பதினோரு யூனிட்டில் நான்கு 6.30 விலையில், ஏழு 8.40 விலையில். மொத்தம் 84 ரூபாய். கைவிட்டுப்போன சலுகை 235. இரண்டையும் கூட்டினால் 319.

சரியாக 500 யூனிட்டில் நின்றால் பில் 1805 ரூபாய். 501-வது யூனிட்டின் விலை மட்டும் 243 ரூபாய் 40 காசு. தங்கம் விற்கிற விலையில் இது ஒன்றுமில்லை என்று அக்காவின் கணவர் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

இந்த விலைகளை நிர்ணயிப்பது மின்வாரியம் அல்ல. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான் கட்டணத்தை அறிவிக்கிறது. அதில் யாருக்காவது குறைத்துக் கொடுக்க அரசு விரும்பினால், அந்தத் தொகையை அரசே கட்ட வேண்டும். அதற்காகவே அந்தச் சட்டத்தில் 65-வது பிரிவு இருக்கிறது. 2016 மே மாதம் வந்த 100 யூனிட் இலவசமும் அப்படித்தான். நமக்கு இலவசம், அரசுக்குச் செலவு.

வாடகை வீட்டில் இருப்பவர்களின் கதை வேறு. தனி இணைப்பு இல்லாமல், வீட்டுக்காரர் மாட்டிய சப்-மீட்டர் ஓடும் வீடுகளில் "யூனிட்டுக்கு எட்டு ரூபாய்" என்று வாய்வழியாக ஒரு கட்டணம் இருக்கும். நானும் சில வருடம் கட்டியிருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட் எரித்தால் 960 ரூபாய். அதே 120 யூனிட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் வாரியம் கேட்பது 47 ரூபாய். பில்லில் இல்லாத இந்த வரியை எந்த ஆணையமும் போடவில்லை. வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று கேட்பதோடு தனி சர்வீஸ் உண்டா என்றும் கேட்டுவிடுவது நல்லது.

சில பில்லில் ஏ.சி.சி.டி. என்று ஒரு தொகை நிற்கும். அது கட்டணம் அல்ல, கூடுதல் வைப்புத்தொகை. உங்கள் பயன்பாடு கூடியிருந்தால், வாரியத்திடம் இருக்கும் முன்பணம் போதவில்லை என்று கேட்பார்கள். அது உங்கள் பணம்தான், அதற்கு வட்டியும் உண்டு. பில் கட்டும் கெடு தாண்டி, ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு கட்டினால் மறு இணைப்புக் கட்டணம் வரும். அது திரும்பாது.

இனி மீட்டருக்கு வருவோம். மாடிப்படிக்குக் கீழே, சிலந்தி வலைக்குள் இருக்கும் அந்தப் பெட்டியை ஒருமுறை நின்று பாருங்கள். ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். முகப்பில் 3200 என்று போட்டிருந்தால், அது 3200 தடவை மினுங்கினால் ஒரு யூனிட் என்று பொருள். சில மீட்டரில் 1600 என்றிருக்கும். யூனிட் என்பது 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு பழைய ஃபேனை மட்டும் ஓடவிட்டேன். அது 75 வாட். பதினைந்து விநாடிக்கு ஒருமுறை நிதானமாக மினுங்கியது. பிறகு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் விளக்கு விநாடிக்கு ஒன்றாகத் துடிக்க ஆரம்பித்தது. அதைப் பார்த்த பிறகு என் மகன் கைக்குட்டைக்கெல்லாம் இஸ்திரி போடுவதை விட்டுவிட்டான்.

ஃபேன்தானே என்று இருந்துவிட வேண்டாம். அந்த 75 வாட் ஃபேன் இரவுபகல் ஓடினால் 60 நாளில் 108 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் நூறையும் அது ஒன்றே தின்றுவிடும். இப்போது வரும் 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு அதே ஓட்டத்தில் 40 யூனிட்தான். ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் இழுக்கிறது என்று வைத்தால், இரவு எட்டு மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்தில் 480. அக்கா வீட்டில் ஏ.சி. இல்லை. இரண்டு ஃபேன் எப்போதும் ஓடுகின்றன, மாமனாரின் அறையில் ஒன்று, ஹாலில் ஒன்று.

அக்காவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வெள்ளை அட்டையில் கடைசியாக ரீடிங் எடுத்த தேதியைப் பாருங்கள். அதிலிருந்து 45-வது நாள் மீட்டரில் ஓடும் எண்ணிலிருந்து அட்டையில் உள்ள எண்ணைக் கழியுங்கள். 375-க்குள் இருந்தால் பயமில்லை. 380, 390 என்று வந்தால் மிச்சமிருக்கும் பதினைந்து நாளும் கொஞ்சம் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 235 ரூபாய் மிஞ்சும்.