பருமன் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய எடைத் தேக்கம்

பருமன் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய எடைத் தேக்கம் என்பது, உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிலோ சிறுகுடலிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் எடை, தொடக்கத்தில் விரைவாகக் குறைந்து, பின்னர் சில நாட்களோ சில வாரங்களோ மாறாமல் நிற்கும் நிலையைக் குறிக்கும். இது பலருக்கு முதல் மாதத்திலேயே, குறிப்பாக இரண்டாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் இடையில், முதன்முறையாகத் தோன்றுகின்றது. ஆங்கிலம் பேசும் நாடுகளின் நோயாளிகளிடையே இது "மூன்றாம் வாரத் தேக்கம்" என்ற பொருள்படும் பெயரால் அறியப்படுகின்றது.

தொடக்க காலத் தேக்கம் ஒரு நோயன்று; அறுவைச் சிகிச்சை தோல்வியடைந்ததன் அறிகுறியும் அன்று. பொதுவாக இக்காலத்தில் உடற்கொழுப்பு தொடர்ந்து குறைந்துகொண்டே இருக்கும். உடல் நீரின் அளவில் ஏற்படும் மாற்றம் அக்குறைவை எடைப்பொறியில் தெரியாதபடி மறைத்துவிடுகின்றது. ஆயினும் இதனைத் தவறாகப் புரிந்துகொண்டு உணவையும் நீரையும் மேலும் குறைப்பவர்கள் உடல்நலக் கேட்டுக்கு உள்ளாகலாம்.

அறுவைச் சிகிச்சை முறைகள்

இன்று பரவலாகச் செய்யப்படும் முறைகள் இரண்டு. முதலாவது, 'ஸ்லீவ்' எனப்படும் குழாய்வடிவ இரைப்பை அறுவை. இதில் இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சிய பகுதி ஒரு குறுகிய குழாய் போல் ஆக்கப்படுகின்றது. இரண்டாவது, 'பைபாஸ்' எனப்படும் இரைப்பை மாற்றுவழி அறுவை. இதில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலீட்டர் கொள்ளளவுள்ள ஒரு சிறு பை உருவாக்கப்பட்டு, அது சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் நேரடியாக இணைக்கப்படுகின்றது. மாற்றுவழி அறுவையின் தொடக்க வடிவத்தை அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு மேசன், சிகாஷி இத்தோ ஆகியோர் 1960களில் உருவாக்கினர்.

இவ்வறுவைகள் உண்ணும் அளவை மட்டும் குறைப்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கின்றது. ஸ்லீவ் அறுவையில் அப்பகுதி நீக்கப்படுவதால் அதன் சுரப்பு குறைகின்றது. மேலும், நிறைவுணர்வைத் தரும் குடல் இயக்குநீர்களின் சுரப்பு இரு முறைகளிலும் கூடுகின்றது. எனவே இயல்பாகவே பசி குறைந்து, குறைந்த உணவில் நிறைவு ஏற்படுகின்றது.

முதல் வாரங்களில் எடை குறையும் விதம்

அறுவைக்குப் பின் உணவு படிப்படியாக மாற்றப்படுகின்றது. முதலில் தெளிந்த நீர்மங்கள், பின்னர் பால், மோர் போன்ற நீர்மங்கள், அதன்பின் மசித்த உணவு, மென்மையான உணவு என நகர்ந்து, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான திட உணவு தொடங்குகின்றது. முதல் வாரங்களில் உட்கொள்ளப்படும் ஆற்றல் பெரும்பாலும் நாளொன்றுக்கு 800 கிலோ கலோரிக்கும் குறைவாகவே இருக்கும்.

இத்தகைய குறைந்த உணவில் உடல் முதலில் தன்னிடமுள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் சேமிப்பைப் பயன்படுத்துகின்றது. வளர்ந்த ஒருவரின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் கிளைக்கோஜன் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ 3 கிராம் நீருடன் சேர்ந்தே சேமிக்கப்படுகின்றது. ஆகவே இச்சேமிப்பு முழுவதும் தீர்ந்தால் அதனுடன் இருந்த நீரும் வெளியேறி, எடையில் ஏறத்தாழ 2 கிலோகிராம் குறையும். அத்துடன் இன்சுலின் அளவு தாழ்வதால் சிறுநீரகங்கள் சோடியத்தைக் கூடுதலாக வெளியேற்றுகின்றன. சோடியத்துடன் நீரும் செல்கின்றது. மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றப்பட்ட நீர்மமும் முதல் சில நாட்களில் வெளியேறிவிடுகின்றது.

எனவே முதலிரு வாரங்களில் காணப்படும் பெரும் எடையிழப்பில் கணிசமான பகுதி நீராகும். அதே வேகம் தொடர்ந்து நீடிக்கும் என எதிர்பார்ப்பதற்கு உடலியங்கியல் அடிப்படை இல்லை.

தேக்கம் ஏற்படும் முறை

நீர்ம உணவிலிருந்து மசித்த உணவுக்கும் மென்மையான உணவுக்கும் மாறும்போது மாவுப்பொருளும் உப்பும் ஓரளவு மீண்டும் உடலில் சேர்கின்றன. கிளைக்கோஜன் சேமிப்பின் ஒரு பகுதி மீள நிரம்புகின்றது. சோடியத்தை இழந்த உடல், அதனைத் தக்கவைக்கும் இயக்குநீர்களின் துணையுடன் நீரையும் தக்கவைக்கின்றது. காயங்கள் ஆறும் இடங்களிலும் நீர் தேங்கலாம். இவ்வாறு சேரும் நீரின் எடையும் அதே காலத்தில் இழக்கப்படும் கொழுப்பின் எடையும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது எடைப்பொறியின் முள் அசையாமல் நிற்கின்றது.

பட்டினியின்போது உடல் நீர் மாறும் விதத்துக்கு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45 காலப்பகுதியில் ஆன்செல் கீசு நடத்திய பட்டினி ஆய்வு சான்றாக உள்ளது. தன்னார்வலர்களாகச் சேர்ந்த 36 ஆண்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டனர். அவர்களின் கொழுப்பும் தசையும் வெகுவாகக் குறைந்தபோதும் உடல் நீர் அதே விகிதத்தில் குறையவில்லை. பலருக்குக் கணுக்காலிலும் முகத்திலும் நீர் வீக்கம் காணப்பட்டது. உடல் திசுவின் இழப்பை நீர் மறைக்கக்கூடும் என்பதை இது காட்டுகின்றது.

எடுத்துக்காட்டுக் கணக்கு

ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி ஆற்றல் உள்ளது. ஒருவரின் உடல் நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி செலவிடுகின்றது என்றும், அவர் 700 கிலோ கலோரி உண்கின்றார் என்றும் கொள்வோம்.

* நாளொன்றுக்கான பற்றாக்குறை: 2,000 - 700 = 1,300 கிலோ கலோரி
* ஒரு வாரத்துக்கான பற்றாக்குறை: 1,300 x 7 = 9,100 கிலோ கலோரி
* முழுவதும் கொழுப்பிலிருந்தே பெறப்பட்டால் குறையும் கொழுப்பு: 9,100 / 7,700 = ஏறத்தாழ 1.2 கிலோகிராம்

அதே வாரத்தில் உடல் 1.2 லீட்டர் நீரைக் கூடுதலாகத் தக்கவைத்தால் எடைப்பொறி எந்த மாற்றத்தையும் காட்டாது. கொழுப்பு குறைந்தது உண்மை. எடை குறையாததும் உண்மை. நீர்ச் சமநிலை மீண்ட பின்னர், சில நாட்களிலேயே எடை சட்டென்று இறங்குவதை நோயாளிகள் பலர் காண்கின்றனர்.

இக்கணக்கை மறுதிசையிலும் பயன்படுத்தலாம். ஒரே நாளில் ஒரு கிலோகிராம் கொழுப்புச் சேர வேண்டுமானால், மேற்கண்ட நபர் அன்று தன் உடல் செலவிடும் 2,000 கிலோ கலோரிக்கு மேல் இன்னும் 7,700 கிலோ கலோரி உண்ண வேண்டும். மிகச் சிறிய இரைப்பையுடன் அவ்வளவு உண்பது இயலாது. ஆகவே ஓரிரவில் கூடும் எடை கொழுப்பன்று.

எடையை மறைக்கும் பிற காரணங்கள்

* மலச்சிக்கல்: குறைந்த உணவு, குறைந்த நார்ச்சத்து, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றால் ஏற்படுகின்றது.
* மாதவிடாய்ச் சுழற்சி: மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெண்களின் உடலில் நீர் தேங்கலாம்.
* புதிய உடற்பயிற்சி: பழக்கமில்லாத பயிற்சியால் தசைகளில் தற்காலிக அழற்சியும் நீர்த்தேக்கமும் உண்டாகின்றன.
* உப்பு மிகுந்த உணவு: ஊறுகாய், அப்பளம், பொட்டலச் சூப்பு போன்றவை இதில் அடங்கும்.
* அளவீட்டு வேறுபாடு: வெவ்வேறு எடைப்பொறி, வெவ்வேறு நேரம், வெவ்வேறு உடை ஆகியவற்றால் ஒரு கிலோகிராமுக்கு மேலும் வேறுபாடு வரலாம்.

பிந்திய தேக்கத்திலிருந்து வேறுபாடு

தொடக்க காலத் தேக்கத்தையும், பல மாதங்களுக்குப் பின் தோன்றும் தேக்கத்தையும் பிரித்தறிய வேண்டும். எடை குறையக் குறைய உடலை இயக்கத் தேவையான ஆற்றலும் குறைகின்றது. மேலும், குறைந்த எடைக்கு எதிர்பார்க்கப்படுவதைவிடவும் கூடுதலாக உடல் தன் ஆற்றல் செலவைச் சுருக்கிக்கொள்கின்றது. அதே காலத்தில் உண்ணக்கூடிய அளவும் மெல்லக் கூடுவதால், வரவும் செலவும் ஒரு கட்டத்தில் சமமாகின்றன. இது உண்மையான ஆற்றல் சமநிலை ஆகும்.

சுவீடனில் 1987 இல் தொடங்கிய நீண்டகால உடற்பருமன் ஆய்வில், மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களின் எடையிழப்பு ஓராண்டுக்கும் ஈராண்டுக்கும் இடையில் உச்சத்தை அடைந்தது. அது சராசரியாகத் தொடக்க எடையின் 32 விழுக்காடாக இருந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின் அது 25 விழுக்காடாக இருந்தது. அதாவது, எடை இறுதியில் ஒரு நிலையில் நிற்பது சிகிச்சையின் இயல்பான போக்கே. ஆனால் மூன்றாம் வாரத்தில் நிற்பது அந்த இறுதி நிலையன்று.

உடல் "பட்டினி நிலைக்கு" மாறி எடையிழப்பை முற்றிலும் நிறுத்திவிடுகின்றது என்னும் பரவலான கருத்து சரியன்று. ஆற்றல் செலவு குறைவதால் எடையிழப்பின் வேகம் குறையுமே தவிர, பற்றாக்குறை இருக்கும்வரை சேமிப்பு கரைந்துகொண்டே இருக்கும்.

எதிர்கொள்ளும் முறைகள்

தொடக்க காலத் தேக்கத்துக்குத் தனியான மருத்துவம் தேவையில்லை. மருத்துவக் குழு வகுத்த உணவுத் திட்டத்தை மாற்றாமல் தொடர்வதே அடிப்படை வழியாகும்.

* புரதம்: நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமே உள்ளதால், முட்டை, மீன், தயிர், பருப்பு ஆகியவற்றுடன் புரத மாவும் தேவைப்படலாம். உணவுவேளையில் புரதத்தை முதலில் உண்பது தசை இழப்பைக் குறைக்க உதவும்.
* நீர்: நாளொன்றுக்குக் குறைந்தது 1.5 லீட்டர், சிறு சிறு மிடறுகளாக, உணவுவேளைக்கு இடைப்பட்ட நேரத்தில் அருந்த வேண்டும். நீரைக் குறைப்பது நீர்த்தேக்கத்தைத் தீர்ப்பதில்லை. நீரிழப்பையும் மலச்சிக்கலையுமே உண்டாக்கும்.
* எடை பார்த்தல்: வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில், ஒரே எடைப்பொறியில் பார்ப்பது போதுமானது. தனித்தனி எண்களைவிட நான்கு வாரப் போக்கே பொருளுடையது.
* பிற அளவீடுகள்: இடுப்பு, மார்பு, தொடை ஆகியவற்றின் சுற்றளவை நாடாவால் அளந்து குறித்து வைக்கலாம். எடை நிற்கும் காலத்திலும் சுற்றளவு குறைவது உண்டு.
* நடை: முதல் வாரங்களில் நடைப்பயிற்சியே பொருத்தமானது. எடை தூக்கும் பயிற்சியை மருத்துவர் இசைவு அளித்த பின்னரே தொடங்க வேண்டும்.
* உயிர்ச்சத்துகள்: பி12, டி, தயமின், இரும்பு, கால்சியம் ஆகியவற்றை எடை நின்றாலும் இறங்கினாலும் தவறாது உட்கொள்ள வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

தேக்கத்தை "உடைப்பதற்காக" மீண்டும் நீர்ம உணவுக்குத் திரும்புதல், வேளை உணவைத் தவிர்த்தல், பேதி மருந்தோ சிறுநீர்ப்பெருக்கியோ உட்கொள்ளுதல் ஆகியவை தீங்கானவை. பேதி மருந்தும் சிறுநீர்ப்பெருக்கியும் வெளியேற்றுவது கொழுப்பையன்று, நீரையும் உப்புகளையுமே. புரதம் குறைந்தால் தசை கரைகின்றது. தசை கரைந்தால் ஆற்றல் செலவு மேலும் குறைகின்றது. அறுவைக்குச் சில மாதங்களுக்குப் பின் பலருக்கு ஏற்படும் முடி உதிர்தலும் போதிய புரதமும் இரும்பும் இல்லாவிடில் கூடலாம்.

குறைந்த உணவுடன் தொடர் வாந்தியும் சேர்ந்தால் தயமின் குறைபாடு ஏற்படக்கூடும். அது கவனிக்கப்படாவிட்டால் பார்வைக் கோளாறு, தள்ளாட்டம், மனக்குழப்பம் என வளர்ந்து நிலையான மூளைப் பாதிப்பில் முடியலாம்.

உளவியல் கூறு

பருமன் அறுவையை நாடுவோரில் பெரும்பாலோர் அதற்கு முன் பலமுறை உணவுக் கட்டுப்பாட்டை முயன்று, எடை குறைந்து, நின்று, மீண்டும் கூடிய பட்டறிவு உடையவர்கள். அவர்களுக்கு நிற்கும் எடை என்பது பழைய தோல்விகள் அனைத்தின் தொடக்கமாகவே இருந்துள்ளது. ஆகவே மூன்றாம் வாரத்தில் எண் நிற்கும்போது, அறுவையும் பயனற்றுப் போயிற்று என்றோ, தவறு தம்முடையது என்றோ முடிவு செய்வது இயற்கை. குடும்பத்தினரின் "இன்னும் குறையவில்லையா" என்ற கேள்வியும், அதே அறுவை செய்துகொண்ட மற்றவருடன் ஒப்பிடுதலும் இவ்வெண்ணத்தை வலுப்படுத்துகின்றன. தொடக்க எடை, வயது, பால், தசையளவு, அறுவை முறை ஆகியவை வேறுபடுவதால் இருவரின் எடை வரைவு ஒன்றாக இருப்பதில்லை.

இக்குற்றவுணர்வால் சிலர் மருத்துவரைச் சந்திப்பதையே தவிர்க்கின்றனர். தொடர் கண்காணிப்பு தடைபடுவது தேக்கத்தைவிடப் பெரிய இடராகும். தேக்கம் வரக்கூடும் என்பதை அறுவைக்கு முன்னரே நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் எடுத்துரைப்பது இதனைத் தவிர்க்க உதவும்.

மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

பின்வருவன எடைத் தேக்கத்தின் பகுதியல்ல. உடனடி மருத்துவக் கவனிப்பு தேவைப்படுபவை:

* காய்ச்சல், விரைவான நாடித்துடிப்பு, கூடிவரும் வயிற்றுவலி அல்லது தோள்வலி. இவை தையல் கசிவின் அறிகுறியாகலாம்.
* நீரைக்கூட வயிற்றில் தக்கவைக்க இயலாத தொடர் வாந்தி.
* ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. இவை குருதி உறைவைக் குறிக்கலாம்.
* தலைச்சுற்றல், மயக்கம், மிகக் குறைந்த சிறுநீர்.

நீரிழிவுக்கோ உயர் குருதி அழுத்தத்துக்கோ மருந்து உட்கொள்பவர்களுக்கு, எடை நின்றிருக்கும் காலத்திலும் மருந்தின் தேவை விரைவாகக் குறையலாம். அம்மருந்துகளின் அளவை மருத்துவர் வழியாகவே மாற்ற வேண்டும். வேறு அறிகுறிகள் எவையும் இன்றி எடை பல வாரங்கள் தொடர்ந்து மாறாதிருந்தால், உணவுக் குறிப்பேட்டுடன் உணவியலாளரைச் சந்திப்பது பொருத்தமானது.

இவற்றையும் பார்க்க

* உடற்பருமன்
* உடல் நிறை குறியீட்டு எண்
* வளர்சிதை மாற்றம்
* கிளைக்கோஜன்
* இன்சுலின்