உயிர்காக்கும் பணியாளரின் உடற்தகுதி பேணப்படல் வேண்டும்

எங்காவது தீ மூண்டால் தீயணைப்புப் படையினரை அழைக்கிறோம். வீதி விபத்தில் ஒருவர் காயமுற்றால் அம்பியூலன்ஸ் வண்டியின் வருகைக்காகக் காத்திருக்கிறோம். ஆனால், பிறரது உயிரைக் காப்பதற்காக விரைந்து வரும் இப்பணியாளர்களின் உடல்நலம் எந்நிலையில் உள்ளது என்பது குறித்து நாம் பெரும்பாலும் சிந்திப்பதில்லை.

தீயணைப்பு வீரர்களின் உயிரைப் பறிப்பவை தீயும் புகையுமே என்பது பொதுவான எண்ணமாகும். எனினும், அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறோர் உண்மையை உணர்த்தியது. அந்நாட்டில் கடமையின்போது மரணமடையும் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ 45 வீதமானோர் இருதய நோயினாலேயே உயிரிழக்கின்றனர் என அதில் சுட்டிக்காட்டப்பட்டது. தீயை அணைப்பதில் அவர்கள் செலவிடுவது வருடாந்தக் கடமை நேரத்தில் 1 முதல் 5 வீதம் மாத்திரமே. ஆயினும் மாரடைப்பு போன்ற இருதய நோய் மரணங்களில் 32 வீதமானவை அந்தச் சொற்ப நேரத்திலேயே சம்பவித்துள்ளன.

இதற்கான காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. பல மணி நேரம் அமர்ந்திருந்தவர் அபாய மணி ஒலித்த மறுகணமே ஓட வேண்டியுள்ளது. பாதுகாப்பு உடையும் சுவாசக் கருவியுமாக 20 கிலோகிராமுக்கும் அதிகமான பாரத்தைச் சுமந்துகொண்டு கடும் வெப்பத்தினுள் அவர் பிரவேசிக்கிறார். வியர்வையினால் உடல் நீரை இழக்கிறது. இருதயம் அதியுச்ச வேகத்தில் துடிக்கிறது. இரவுக் கடமை, ஒழுங்கற்ற உணவு, உடற்பருமன் ஆகியவற்றினால் ஏற்கனவே பலவீனமடைந்த இருதயம் இச்சுமையைத் தாங்குவதில்லை.

உடற்தகுதி எத்துணை பாதுகாப்பானது என்பதை 2019 இல் வெளியான மற்றுமோர் ஆய்வு காட்டுகிறது. இந்தியானா மாநிலத்தின் 1,104 ஆண் தீயணைப்பு வீரர்கள் 10 வருடங்கள் அவதானிக்கப்பட்டனர். ஒரே மூச்சில் 40க்கும் அதிகமான தண்டால் எடுக்கக் கூடியவர்களுக்கு, 10 தண்டால்கூட எடுக்க முடியாதவர்களைவிட இருதய நோய் ஏற்படும் அபாயம் 96 வீதம் குறைவாகக் காணப்பட்டது. தண்டால் எடுப்பதே நோயைத் தடுத்துவிடும் என்பது இதன் பொருளல்ல. அது ஒருவரது பொதுவான உடற்தகுதியைக் காட்டும் அளவுகோல் மாத்திரமே.

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கமும் அதிகாரிகளின் சங்கமும் 1997 இல் கூட்டாக வகுத்த உடல்நலத் திட்டம் இங்கு குறிப்பிடத்தக்கது. வருடாந்த வைத்தியப் பரிசோதனையும் உடற்பயிற்சியும் தண்டனை நோக்கமின்றி, ஒவ்வொருவரது நிலைக்கும் ஏற்ப அமைதல் வேண்டும் என்பதே அதன் அடிப்படையாகும். இது மிக முக்கியமானதாகும். தொழில் பறிபோகும் என்ற அச்சம் இருப்பின் எவரும் தமது நெஞ்சுவலியை வெளியே சொல்லமாட்டார்கள். மேலும், பரிசோதனையின்றித் திடீரெனச் செய்யப்படும் கடும் பயிற்சியும் ஆபத்தானதே.

எமது நாட்டிலும் மாநகர சபைகளின் தீயணைப்புப் பிரிவினரும், 2016 இல் ஆரம்பிக்கப்பட்ட 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவையினரும் இரவு பகலாகப் பணியாற்றுகின்றனர். சேவையில் இணையும்போது நடத்தப்படும் உடற்தகுதிப் பரிசோதனை இத்தகையோருக்கு ஆயுள் முழுவதற்கும் போதுமானதல்ல. 25 வயதில் தகுதி பெற்றவர் 45 வயதிலும் அதே தகுதியுடன் இருப்பார் என எதிர்பார்க்க முடியாது. எனவே, கடமை நேரத்திலேயே உடற்பயிற்சிக்கென நேரம் ஒதுக்கப்படுவதும், காலத்துக்குக் காலம் இருதயப் பரிசோதனை நடத்தப்படுவதும் அவசியமாகும். இது அவர்களுக்கு வழங்கப்படும் சலுகையல்ல. அவர்களை நம்பியிருக்கும் பொதுமக்களின் பாதுகாப்பும் இதிலேயே தங்கியுள்ளது என்பதை உரிய அதிகாரிகள் கவனத்திற்கொள்ள வேண்டும்.