சீட்டும் சூதும் ஒன்றல்ல: இணையவழிப் பிரிட்ஜ் ஆட்டம் – ஓர் அறிமுகம்

முன்னுரை

சீட்டு என்னும் சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளிப்பது நம் ஊர்ப்புற வழக்கம். அவ்வெறுப்புக் காரணமற்றதன்று. சூதின் தீமையை உரைக்க ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். திருமறையோ சூதாட்டத்தை மதுவோடு ஒருங்கு வைத்து விலக்குகின்றது. இணைய ரம்மியில் பொருளை இழந்து உயிரையும் மாய்த்துக்கொண்டோர் செய்திகளை நாம் படித்திருக்கின்றோம். இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் 2022ஆம் ஆண்டிலும், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்றியமைக்கு இத்துயரங்களும் காரணமாகும்.

ஆயின், சீட்டுக்கட்டைக் கையிலெடுக்கும் ஆட்டம் அனைத்தும் சூதாகிவிடுமா? பணயம் வேண்டாது, கணக்கையும் நினைவாற்றலையும் கூட்டாளியின்பால் கொண்ட நம்பிக்கையையும் முதலாகக் கொண்டு ஆடப்பெறும் ஆட்டமொன்று உண்டு. அதுவே பிரிட்ஜ். அதனை இணையத்தில் பயிலத் தொடங்கும் வகையினை இக்கட்டுரையில் காண்போம்.

சீட்டு வந்த வழி

சீட்டின் வரலாற்றில் இசுலாமிய உலகிற்குப் பெரும்பங்கு உண்டு. இஸ்தான்புல் நகரின் டோப்காபி அருங்காட்சியகத்தில் எகிப்தின் மம்லூக்கியர் காலச் சீட்டுக்கட்டு ஒன்று உள்ளது. கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என நான்கு இனங்களையுடைய அக்கட்டில் முழுமையாக 52 சீட்டுகள் இருந்தன என்பர் ஆய்வாளர். சீட்டைக் குறிக்கும் ‘நைப்பே’ என்ற இசுபானியச் சொல், ‘நாயிப்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது என்பாரும் உளர்.

அச்சீட்டே ஐரோப்பா சென்று பலவாறு உருமாறிற்று. 1925ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹெரால்டு வாண்டர்பில்ட் வகுத்த விதிகளே இன்றைய பிரிட்ஜுக்கு அடிப்படை. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இவ்வாட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. அதில் ஆடவர் இணைப் பிரிவில் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் ஆகிய இருவரும் இந்தியாவிற்குப் பொற்பதக்கம் ஈட்டினர். அப்போது பர்தனின் அகவை 60. உடல் தளரும் பருவத்திலும் உள்ளம் களமாடலாம் என்பதற்கு இஃதோர் சான்று.

குடவோலை காட்டும் நெறி

‘சீட்டு விழுவது நற்பேறுதானே?’ என்று ஒருவர் வினவலாம். விடையை நம் உத்திரமேரூரிலேயே தேடலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, இங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறையினை அவை விரித்துரைக்கின்றன. குடத்தினுள் நிகழ்வது தற்செயல்; ஆனால் நிலம், மனை, அகவை, கல்வி, ஒழுக்கம் ஆகிய தகுதிகளை ஆராய்ந்த பின்னரே ஓலை குடத்துள் செல்லும். தற்செயலுக்கு இடந்தந்தும் அதனை விதிகளால் வரம்பு கட்டிய அறிவு அது.

போட்டிப் பிரிட்ஜும் அவ்வாறே செய்கின்றது. ஒரு மேசையில் நால்வருக்கு விழுந்த அதே சீட்டுகள் பிற மேசைகளிலும் அப்படியே வழங்கப்பெறும். நமக்கு எளிய சீட்டுகள் வந்தனவெனில், பிற மேசைகளில் நம் இடத்தில் அமர்ந்தோர்க்கும் அவையே. அதே சீட்டுகளைக் கொண்டு யார் மிகுதியாகச் சாதித்தார் என்பதே மதிப்பெண். சூது தற்செயலை விலைக்கு விற்கிறது. பிரிட்ஜோ அதனை ஒதுக்கி வைக்க முயல்கிறது. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஆடும் முறை

நால்வர் ஆடுவர். வடக்கும் தெற்கும் ஓரணி. கிழக்கும் மேற்கும் மற்றோரணி. ஆளுக்கு 13 சீட்டுகள். வலஞ்சுழியாக ஒவ்வொருவரும் ஒரு சீட்டை இட, நான்கு சீட்டுகள் சேர்ந்தது ஒரு பிடி. முதலில் இட்ட இனத்தையே மற்றவரும் இடல் வேண்டும். அவ்வினம் கையில் இல்லையெனில் துருப்பால் வெட்டலாம், அல்லது வேறு சீட்டைக் கழிக்கலாம்.

ஆட்டத்திற்கு முன் ஏலம் நிகழும். ‘ஒன்று இஸ்பேடு’ என்று ஒருவர் கேட்டால், இஸ்பேடு துருப்பாக, ஆறுக்கு மேல் ஒன்று, அதாவது ஏழு பிடிகளைத் தம் அணி எடுக்கும் என்பது பொருள். ஏலத்தை வென்றவரின் கூட்டாளி ‘டம்மி’. எதிரணியினர் முதற் சீட்டை இட்டதும் அவர் தம் சீட்டுகளை விரித்து வைத்துவிடுவார். அவற்றையும் ஏலம் வென்றவரே ஆடுவார்.

கையின் வலிமையை அளக்க எளிய கணக்குண்டு. ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. முழுக்கட்டில் 40 புள்ளிகள். ஏறத்தாழ 12 புள்ளிகள் இருப்பின் ஏலத்தைத் தொடங்கலாம். கூட்டாளிகள் இருவர்க்கும் சேர்த்து 25 அளவில் இருந்து, ஒரே இனத்தில் எட்டுச் சீட்டுகளும் அமையின், இஸ்பேடிலோ ஆர்ட்டினிலோ பத்துப் பிடிகளுக்கு ஏலம் கேட்கலாம். ஒருவர் கைக்கு வரக்கூடிய சீட்டுச் சேர்க்கைகள் 63,501 கோடிக்கும் மேற்பட்டவை. ஆதலின் மனப்பாடம் இங்குப் போதாது, சிந்தனையே துணை.

இணையத்தில் தொடங்குதல்

சிற்றூர்களில் இவ்வாட்டம் அறிந்த நால்வர் கூடுதல் அரிது. அக்குறையை இணையம் தீர்க்கின்றது. ‘பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன்’ போன்ற தளங்களில் கட்டணமின்றிப் பெயரைப் பதிந்துகொள்ளலாம். தொடங்குவோர் மூன்று படிகளைக் கைக்கொள்ளுதல் நன்று.

முதலாவது, கணினி மனிதரோடு ஆடுதல். மற்ற மூவர் இடத்திலும் கணினியே அமரும், காலங்கடத்தினும் சினவாது. இனம் மாற்றி இடும் பிழையையும் தளமே தடுத்துவிடும். இரண்டாவது, வல்லார் ஆட்டத்தைப் பார்வையாளராக இருந்து காணுதல். நால்வர் சீட்டும் கண்முன் விரிய, ‘இவர் ஏன் இதனை இட்டார்?’ என்று தம்மைத் தாமே வினவுதல் சிறந்த பயிற்சியாகும். மூன்றாவது, தொடக்கநிலையினர் மேசையில் மனிதரோடு ஆடுதல். கட்டணப் போட்டிகளும் அத்தகு தளங்களில் உண்டு. அவை நம் மாணவர்க்கு வேண்டா.

அமானிதம்

பிரிட்ஜில் ஏலத்தின் வாயிலாகவும் இடும் சீட்டின் வாயிலாகவும் அன்றி, வேறெவ்வகையிலும் கூட்டாளிக்குக் குறிப்புணர்த்தல் ஆகாது. ஏலக் குறிப்பின் பொருளை எதிரணி கேட்டால் மறையாது உரைத்தலும் கடமை. நேரில் ஆடுவோரின் முகத்தையும் குரலையும் பிறர் காண்பர். இணையத்திலோ காண்பார் எவருமிலர். மற்றொரு தொலைபேசியில் கூட்டாளியோடு பேசினும் எதிரணி உடனே அறியாது. எனவே இங்கு நேர்மை என்பது முற்றிலும் அமானிதம். எவரும் காணாவிடத்தும் வழுவாதிருத்தலே அதன் பொருள். அதற்குரிய சிறு பயிற்சிக் களமாக இவ்வாட்டம் அமைகின்றது.

முடிவுரை

பணயமின்றி ஆடினும் சீட்டைத் தவிர்க்கச் சொல்லும் மார்க்க அறிஞர் உளர். பணயமின்றி, தொழுகைக்கும் கடமைக்கும் இடையூறின்றி ஆடும் அறிவு விளையாட்டிற்கு இடந்தருவாரும் உளர். மாணவர் தம் பெரியோரிடம் கேட்டுத் தெளிந்து முடிவு செய்தல் முறை. ஆடத் துணிவோர் மூன்று வரம்புகளைத் தமக்கு விதித்துக்கொள்ளட்டும்: பணம் கலவாமை, நேரம் மிகாமை, வஞ்சம் புரியாமை. இம்மூன்றும் நின்றால் சீட்டு சிந்தனைக்குத் துணையாகும். ஒன்று வழுவினும் அது சூதின் வாயிலாகிவிடும். கையில் விழும் சீட்டு நம் வசத்ததன்று. அதனை ஆடும் நெறி நம் வசத்ததே என்பதை இளைஞர் உணர்தல் நலம் எனக் கருதுகிறோம்.