பதக்கத்துக்கு முந்தைய செலவு: கடலூர், சிதம்பரம் பள்ளிகளின் விளையாட்டுக் கணக்கு

ரூ.25,000. ஓர் அரசு உயர்நிலை அல்லது மேல்நிலைப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருள் வாங்க, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) ஆண்டுக்கு ஒதுக்கப்படும் தொகை இது. நடுநிலைப் பள்ளிக்கு ரூ.10,000, தொடக்கப் பள்ளிக்கு ரூ.5,000. சிதம்பரத்தில் 500 பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் தலைக்கு ஆண்டுக்கு 50 ரூபாய். 1,000 பேர் படித்தால் 25 ரூபாய்.

இந்தப் பணத்தை நம்பி குறுவட்டப் போட்டிக்கு வரும் பிள்ளையும், சொந்தப் பயிற்சியாளரோடு பள்ளி வேனில் வந்து இறங்கும் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளி விளையாட்டில் பிரிவு என்பது வயதை வைத்துத்தான்: 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர். அரசு, உதவிபெறும், தனியார் என்ற பிரிவு கிடையாது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என ஏணியும் ஒன்றே. அது ஒன்றாகவே இருக்கட்டும். ஆனால் ஏணியின் அடிவரை வந்து சேர யாருக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

பார்க்கக் காரணம் உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் 7 இடங்கள். அரசு வேலையில் 3 விழுக்காடு. இவற்றுக்கெல்லாம் ஆதாரம் ஒரு சான்றிதழ்தான், அதற்கான வழி குறுவட்டத்தில் தொடங்குகிறது.

நிலம்

ஆடுகளத்தின் அளவை மட்டும், சுற்றி விட வேண்டிய இடத்தைச் சேர்க்காமல், சென்டில் போட்டுப் பார்க்கலாம்.

கபடி: 13 × 10 மீட்டர், 3.2 சென்ட்.
கைப்பந்து: 18 × 9 மீட்டர், 4 சென்ட்.
கூடைப்பந்து: 28 × 15 மீட்டர், 10.4 சென்ட்.
கோகோ: 27 × 16 மீட்டர், 10.7 சென்ட்.
கால்பந்து: 105 × 68 மீட்டர், 1 ஏக்கர் 76 சென்ட்.
8 தடங்கள் கொண்ட 400 மீட்டர் ஓடுதளம்: ஏறத்தாழ 177 × 93 மீட்டர், 4 ஏக்கருக்குச் சற்று மேல்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கபடியிலும் கைப்பந்திலும் தலைநிமிர்ந்து நிற்பதன் காரணம் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. நான்கு சென்ட் மண், ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூள், காலையில் கோடு போட ஒரு பி.டி. சார் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். ஆனால் அந்தக் கபடியும் இப்போது மண்ணை விட்டு விரிப்புக்கு (மேட்) ஏறிவிட்டது. மண்ணில் வெறுங்காலோடு பழகிய பிள்ளை பெரிய போட்டியில்தான் முதன்முதலாக ஷூ போட்டு விரிப்பில் கால் வைக்கிறது. மண்ணில் கால் சற்று வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பும், விரிப்பில் அந்த இடத்திலேயே பிடித்து நிற்கும். ரைடு போய்த் திரும்பும் அரை நொடி தவறிப்போக அது போதும். ஒரு களத்துக்கான மேட் லட்சத்தைத் தாண்டும். 25,000 ரூபாய் மானியத்தை நான்கு ஆண்டு சேர்த்து வைத்தாலும் வாங்க முடியாது.

நான்கு ஏக்கர் எல்லாப் பள்ளிக்கும் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டியதில்லை. கடலூரில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மைதானங்கள் இருக்கின்றன, 2013 சட்டத்துக்குப் பிறகு அது அரசின் பல்கலைக்கழகம். பொது மைதானமும் விடாது நிற்கும் ஒரு பயிற்சியாளரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் கடலூர் ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் பயிற்சியாளர் மாரியப்பன், காப்பகத்தில் வளர்ந்த பெண்களையும் சேர்த்துக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். அவருடைய இந்திரா காந்தி அகாடமி, 2017–18 இந்திய மகளிர் லீக் இறுதிச் சுற்றில் ஆடிய 7 அணிகளில் ஒன்று. கடலூர் இந்துமதி கதிரேசன், பண்ருட்டிப் பக்கத்துச் சந்தியா ரங்கநாதன் இருவரும் இந்தியாவுக்கு ஆடினார்கள். 2018 பிப்ரவரியில் கட்டக்கில் மணிப்பூரை 2–1 என்று வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் சாம்பியன் ஆனது.

ஆள்

2012-இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. அதில் உடற்கல்விக்கு 5,392 பேர், ஓவியத்துக்கு 5,253 பேர், தொழிற்கல்விக்கு 5,904 பேர். தொடக்கச் சம்பளம் மாதம் ரூ.5,000, வேலை வாரத்துக்கு 3 அரை நாட்கள். ஊதியம் படிப்படியாக ஏறி 2024-இல் ரூ.12,500 ஆனது. 2024–25 கல்வியாண்டை எடுத்துக்கொண்டால், மே மாதம் நீங்கலாக 11 மாதத்துக்கு ரூ.1,37,500.

பிள்ளைகள் முழு நாளும் மைதானத்தில் இருக்கக்கூடிய ஒரே மாதம் மே. கோடைப் பயிற்சி முகாம்கள் நடப்பதும் அப்போதுதான். 2024–25-இல் அந்த மாதத்தில் பயிற்சி தர வேண்டியவருக்குச் சம்பளம் இல்லை.

பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்கும் வழக்கம் அரசு, தனியார் இரண்டிலும் உண்டு. கடன் வாங்காதீர்கள் என்று 2023-இல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே கேட்டுக்கொண்டார். பொதுத்தேர்வு வகுப்புகளில் விளையாட்டுக்கு முதல் எதிரி அந்தக் கடன்தான். தனியார் பள்ளியில் இழந்த மணியைக் காலை 6 மணிப் பயிற்சியில் ஈடுகட்டலாம். கிராமத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வரும் பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

பயணம்

சிதம்பரத்திலிருந்து கடலூர் சுமார் 45 கிலோமீட்டர். 12 பேர் அணி, கூட ஓர் ஆசிரியர், மொத்தம் 13 பேர். போகவர ஆளுக்கு 100 ரூபாய், சாப்பாட்டுக்கு 150 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளுக்கு ரூ.3,250. ஆண்டு மானியம் முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் எட்டாம் நாளுக்குப் போதாது, ஒரு பந்துகூட வாங்கியிருக்க மாட்டோம். அதுவும் ஒரே ஓர் அணிக்கு. மானியமோ பொருள் வாங்கத்தான். எனவே பேருந்துக் காசு ஆசிரியரின் சட்டைப் பையிலிருந்தோ பெற்றோரிடமிருந்தோதான் வருகிறது. பல பிள்ளைகள் தோற்காமலேயே போட்டியிலிருந்து விலகிப்போவது இந்த இடத்தில்தான்.

பதக்கம்

பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் தவறான முடிவுக்கு வருவார். கபடியில் 12 பேர் சேர்ந்து உழைத்தால் ஒரு தங்கம். நீச்சலில், உலக சாம்பியன்ஷிப் அட்டவணைப்படி, ஆண்களுக்கு 17 தனிநபர்ப் பந்தயங்கள், பெண்களுக்கும் 17. பள்ளி அளவில் எண்ணிக்கை குறையலாம், நிலைமை மாறாது. நீச்சல்குளம் உள்ள பள்ளி நான்கைந்து பிள்ளைகளை வைத்தே பதக்கங்களை அள்ளலாம். திறமையோடு சேர்த்துக் குளத்தின் விலையையும் அந்தப் பட்டியல் எண்ணிவிடுகிறது.

இன்னொரு வரவும் தவறான பக்கத்தில் எழுதப்படுகிறது. ஏழாம் வகுப்பில் அரசுப் பள்ளி ஆசிரியர் கண்டெடுத்த பிள்ளையை, ஒன்பதாம் வகுப்பில் இலவச இடமும் விடுதியும் கொடுத்து வேறு பள்ளி அழைத்துக்கொள்ளும். குடும்பத்துக்கு அது நல்லது, தடுக்கக் கூடாது. ஆனால் முதல் ஆசிரியரின் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது. உலகக் கால்பந்தில் ஓர் ஆட்டக்காரரை ஒரு கிளப் விலைக்கு வாங்கினால், 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் 5 விழுக்காடு போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. முதலமைச்சர் கோப்பை மாநிலப் போட்டியில் தனிநபர் முதல் பரிசு ரூ.1 லட்சம். பிள்ளையின் பரிசில் கைவைக்காமல், அதற்கு மேல் 5 விழுக்காடாக ரூ.5,000-ஐ முதலில் வளர்த்த பள்ளிக்குத் தரலாம்.

பிறர் செய்தது

அமெரிக்காவில் இதே சிக்கல் பல மாநிலங்களைப் பிரித்திருக்கிறது. இல்லினாய் 2005-இல், தனியார் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கிப் பிரிவு ஒதுக்கத் தொடங்கியது. அப்படிப் பெருக்கப்பட்ட பள்ளி தன்னைவிடப் பெரிய பள்ளிகளோடு மோத வேண்டும். டென்னசி, உதவித்தொகை தரும் தனியார் பள்ளிகளுக்குத் தனிப் பிரிவே வைத்தது.

நமக்கு அது பொருந்தாது. கடலூரில் கட்டணப் பள்ளி, அரசுப் பள்ளி என்ற இரண்டோடு, ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும், பழைய மைதானங்கள் கொண்ட உதவிபெறும் பள்ளிகளும் உண்டு. எந்தப் பெருக்கல் எண்ணும் மூன்றையும் சரியாக அளக்காது. அதோடு, தனிப் பிரிவில் வென்ற கோப்பையை இரண்டாந்தரம் என்று பேசுவார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

கூட்டுத்தொகை

2024 முதலமைச்சர் கோப்பைக்கான மொத்தப் பரிசுத்தொகை ரூ.37 கோடி. பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு, அரசு ஊழியர், மாற்றுத்திறனாளிகள் என ஐந்து பிரிவுக்கும் சேர்த்து. 2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் அரசு ஆளுக்கு ரூ.25 லட்சம் கொடுத்தது. இரண்டும் தகுதியான செலவு. வென்ற பிறகு கொடுக்க நமக்குக் கை நீள்கிறது. வெல்வதற்கு முன்னும் நீள வேண்டும்.

ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு வேண்டியது இவ்வளவுதான்: பொருளுக்கு இப்போதுள்ள 25,000, பத்து நாள் பயணத்துக்கு 32,500, மே மாதப் பயிற்சிக்கு ஆசிரியருக்கு 2024–25 ஊதியப்படி 12,500. மொத்தம் 70,000, கூடுதலாக 45,000. தமிழகத்தில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் சுமார் 6,200. பெருக்கினால் ரூ.27.9 கோடி வருகிறது, ஓராண்டுக் கோப்பைப் பரிசுத்தொகையைவிட ஒன்பது கோடி குறைவு. இதை அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்தால், கடலூரிலும் சிதம்பரத்திலும் தொடக்கக் கோட்டுக்கு வந்து சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கை முதல் ஆண்டிலேயே கூடும்.